பிறந்த குழந்தை அழவில்லையென்றால்: முதல் ஒரு நிமிடம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு மாவட்டத்தின் மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் பிரசவ அறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய செவிலியர் நான். இப்போது பிற செவிலியர்களுக்குப் பச்சிளங்குழந்தை உயிர்மீட்புப் பயிற்சி அளிக்கிறேன். சமுதாய வளைகாப்புகளில் கர்ப்பிணிகளும் அவர்களுடைய அம்மாக்களும் கேட்டவையும், பயிற்சிக்கு வந்த இளம் செவிலியர்கள் கேட்டவையும் இங்கே கலந்திருக்கின்றன. படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கைக்குப் பழக்கமாவது வேறு. ஆகவே செவிலியர்கள் இதைப் பயிற்சிக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

பிறந்தவுடன் குழந்தை ஏன் அழ வேண்டும்?

உண்மையில் நாம் எதிர்பார்ப்பது மூச்சைத்தான். மூச்சு வந்துவிட்டது என்பதற்கு எளிதில் கேட்கக்கூடிய அடையாளமே அழுகை. கருப்பையில் இருக்கும் வரை குழந்தையின் நுரையீரலில் நீர்மம் நிறைந்திருக்கும். அதற்கு வேண்டிய ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாகத் தாயிடமிருந்து வந்துகொண்டிருக்கும். பிறந்த சில நொடிகளில் குழந்தை இழுக்கும் முதல் மூச்சுகளில் அந்த நீர்மம் திசுக்களுக்குள் உறிஞ்சப்பட்டு, காற்றறைகள் விரிந்து, நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் திறந்துகொள்கின்றன. சில குழந்தைகள் அழாமலேயே கண்ணைத் திறந்து பார்த்தபடி சீராக மூச்சுவிடும்; அவற்றைக் கிள்ளி அழவைக்கத் தேவையில்லை. ஆனால், நீண்ட இடைவெளி விட்டு எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து கேவுவதை மூச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிக் கேவும் குழந்தையை மூச்சில்லாத குழந்தையாகவே கருத வேண்டும்.

எத்தனை குழந்தைகளுக்கு உதவி தேவைப்படும்?

நிறைமாதத்தில் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 85 குழந்தைகள் தாமாகவே அரை நிமிடத்துக்குள் மூச்சுவிடத் தொடங்கிவிடும். இன்னும் 10 குழந்தைகளுக்கு நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலே போதும். மீதமுள்ள ஐந்துக்கும், கையால் அழுத்திக் காற்றூதும் பையும் முகமூடியும் கொண்டு காற்றுச் செலுத்த வேண்டியிருக்கலாம். நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் மருந்தும் தேவைப்படுவது ஆயிரத்தில் ஓரிரு குழந்தைகளுக்கு மட்டுமே. எந்தப் பிரசவத்தில் அந்த ஐந்தில் ஒன்று வரும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. காலை முதல் எல்லாமே இயல்பாக இருந்த தாய்க்கும் குழந்தை மூச்சற்றுப் பிறப்பதுண்டு. அதனால்தான் ஒவ்வொரு பிரசவத்துக்கும் பையும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் அருகிலேயே இருக்க வேண்டும் என்கிறோம்.

ஐக்கிய நாடுகள் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022-இல் உலகெங்கும் ஏறத்தாழ 23 லட்சம் குழந்தைகள் பிறந்த 28 நாட்களுக்குள் இறந்தன. அந்த இறப்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குப் பிரசவ நேரத்து மூச்சுத்திணறலும் அதனோடு சேர்ந்த பாதிப்புகளுமே காரணம்.

குழந்தை நீலம் பாய்ந்து அசையாமல் கிடந்தால் இறந்துவிட்டது என்று பொருளா?

இல்லை. இந்த ஒரு தவறான முடிவால் உலகில் எத்தனையோ குழந்தைகள் துணியில் சுற்றி ஓரமாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஆக்சிஜன் குறையும்போது குழந்தை முதலில் வேகமாக மூச்சுவிட முயன்று, பிறகு மூச்சை நிறுத்திவிடும். இந்தக் கட்டத்தில் துடைத்துத் தேய்த்தாலே மூச்சு திரும்பிவிடும். அதையும் கடந்துவிட்டால், சில முறை கேவிவிட்டு இரண்டாம் முறையாக மூச்சு நின்றுபோகும். அதன்பின் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை; நுரையீரலுக்குள் நாம்தான் காற்றைச் செலுத்த வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு நிலைகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். எனவே சில நொடிகள் தேய்த்தும் மூச்சு வராவிட்டால், இரண்டாம் நிலை என்றே எடுத்துக்கொண்டு பையைக் கையிலெடுக்க வேண்டும்.

தான்சானியாவின் எட்டு மருத்துவமனைகளில் பிரசவம் பார்ப்பவர்களுக்குப் பச்சிளங்குழந்தை உயிர்மீட்புப் பயிற்சி அளிக்கப்பட்டபின் நடந்ததை 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவுசெய்தது. முதல் 24 மணி நேர இறப்புகள் 47 சதவீதம் குறைந்தன. அதைவிட என்னை யோசிக்கவைத்தது வேறொரு எண்: 'இறந்தே பிறந்தது' என்று பதிவான குழந்தைகளின் எண்ணிக்கையும் 24 சதவீதம் குறைந்திருந்தது. முன்பு அப்படிப் பதிவானவற்றில் ஒரு பகுதியாவது, இதயம் துடித்துக்கொண்டிருந்தும் எவரும் காற்றூதிப் பார்க்காத குழந்தைகளாக இருந்திருக்க வேண்டும்.

'பொன்னான ஒரு நிமிடம்' என்பது என்ன? அதற்குள் என்னென்ன செய்ய வேண்டும்?

குழந்தை முழுவதுமாக வெளிவந்த நொடியிலிருந்து அறுபது நொடிகளுக்குள் ஒன்று அது தானே மூச்சுவிட வேண்டும், அல்லது பையின் முதல் காற்று அதன் நுரையீரலுக்குள் போயிருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பிற அமைப்புகளுடன் சேர்ந்து 2010-இல் தொடங்கிய 'குழந்தைகள் மூச்சுவிட உதவுவோம்' என்ற பயிற்சித் திட்டம் இந்தச் சொல்லை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. இந்தியாவில் அதற்கு ஓராண்டு முன்னரே, 2009-இல், 'நவஜாத் சிசு சுரக்ஷா காரியகிரம்' என்ற இரண்டு நாள் பயிற்சியை மத்திய அரசு தொடங்கியிருந்தது.

எங்கள் பக்கத்தில் இந்த நிமிடத்தைக் கணக்கிடுவதற்கு ஒரு வசதி உண்டு. ஜாதகம் எழுத வேண்டுமென்பதால், குழந்தை பிறந்ததும் எந்தச் செவிலியரும் முதலில் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார், வெளியே நிற்கும் அப்பத்தா கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று "எத்தன மணிக்குங்க பொறந்துச்சு?" என்பதாகத்தான் இருக்கும். அந்தப் பார்வையிலேயே விநாடி முள் எங்கே நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் சொல்வேன். அது மறுபடியும் அதே இடத்துக்கு வருவதற்குள் வேலை நடந்திருக்க வேண்டும்.

வேலைகள் இவைதாம். குழந்தையைத் தாயின் வயிற்றின் மேலேயே உலர்ந்த துணியில் வாங்கி, தலையிலிருந்து கால் வரை அழுத்தித் துடைத்து, நனைந்த துணியை அப்புறப்படுத்தி, வேறு உலர்ந்த துணியால் போர்த்த வேண்டும். துடைப்பது வெப்ப இழப்பைத் தடுப்பதோடு மூச்சையும் தூண்டும். இதற்கு விலையுயர்ந்த துணி எதுவும் வேண்டாம். துவைத்து வெயிலில் காயவைத்த, ஈரத்தை உறிஞ்சக்கூடிய பருத்தித் துண்டு போதும். ஈரோட்டில் துண்டுக்கா பஞ்சம்? வாயில் சளியோ இரத்தமோ அடைத்திருந்தால் மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, முதுகுத்தண்டின் மேல் இரண்டு மூன்று முறை தேய்க்க வேண்டும். இவ்வளவுக்கும் முப்பது நொடிகள் போதும். அப்படியும் மூச்சு வரவில்லையென்றால் கொடியைக் கட்டி வெட்டி, குழந்தையை வார்மர் எனப்படும் சூடளிக்கும் மேசைக்கோ பக்கத்து மேசைக்கோ கொண்டுபோய்ப் பையைப் பொருத்த வேண்டும்.

தான்சானியாவின் ஹைடம் மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வில், பையால் காற்றூதத் தொடங்குவது ஒவ்வொரு முப்பது நொடி தாமதமாகும்போதும், குழந்தை இறப்பதற்கோ நீண்ட நாள் சிகிச்சையில் இருப்பதற்கோ உள்ள வாய்ப்பு 16 சதவீதம் கூடியது.

தலைகீழாகப் பிடித்து முதுகில் அறையலாமா? முகத்தில் தண்ணீர் தெளிக்கலாமா?

கூடாது. தலைகீழாகப் பிடிப்பது, அறைவது, குளிர்ந்த நீர் தெளிப்பது, வெங்காயத்தைக் கசக்கி மூக்கில் காட்டுவது, நஞ்சுக்கொடியைச் சூடாக்கிக் குழந்தைக்கு உயிர் வரும் என்று காத்திருப்பது ஆகிய எல்லாமே அந்த ஒரு நிமிடத்தைத் தின்றுவிடும். சில காயப்படுத்தவும் செய்யும். பழைய மருத்துவச்சிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மருத்துவமனைகளிலும் காலைப் பிடித்துத் தொங்கவிட்டு அறைவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்ததுதான்.

அம்பு பை என்பது என்ன? அதைச் சரியாகப் பயன்படுத்துவது ஏன் கடினமாக இருக்கிறது?

அழுத்தினால் காற்றைத் தள்ளி, விட்டால் தானாகவே மறுபடியும் உப்பிக்கொள்ளும் ரப்பர் அல்லது சிலிக்கோன் பை அது. மின்சாரமோ சிலிண்டரோ தேவையில்லை. டென்மார்க்கில் 1956-இல் அறிமுகமான இத்தகைய பையின் வணிகப் பெயர்தான் 'அம்பு'. எந்த நிறுவனம் செய்தாலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெரியவர்களுக்கான பை குழந்தையின் நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும் என்பதால், பச்சிளங்குழந்தைக்கென்று உள்ள சிறிய பையையே எடுக்க வேண்டும். முகமூடியும் இரண்டு அளவுகளில் இருக்க வேண்டும்: நிறைமாதக் குழந்தைக்கு 1, எடை குறைந்த குழந்தைக்கு 0.

பையை அழுத்துவது எளிது. காற்று உள்ளே போவதை உறுதிசெய்வதுதான் கடினம். புதிதாகப் பழகுகிறவர்களின் கண் பையின் மேலேயே இருக்கும், குழந்தையின் மார்பைப் பார்க்க வேண்டும் என்பது நினைவுக்கு வராது. பயிற்சிப் பொம்மை ஒன்றின் வயிற்றில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்போம். கையில் தூக்கினால் நிஜக் குழந்தையைப் போலவே கனமாகத் துவளும். அதன் முகத்தில் முகமூடியை வைத்து ஒருவர் மும்முரமாக அழுத்திக்கொண்டிருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்பேன். மூக்கின் பக்கவாட்டில், கண்ணுக்குக் கீழே, 'உஸ்' என்று மெல்லிய ஓசை கேட்கும். அழுத்திய காற்றெல்லாம் அந்த இடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். மார்பு அசையவே அசையாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியின் மேல் வளைந்து அமர, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைப் பிடித்து முகத்தை முகமூடிக்குள் தூக்கிக் கொடுத்தால் அந்த ஓசை நின்றுவிடும். அடுத்த அழுத்தலிலேயே மார்பு லேசாக உயர்ந்து தாழ்வதைப் பார்ப்பவர், தன்னையறியாமல் சிரித்துவிடுவார்.

முகமூடி சரியாக அமர்ந்தும் மார்பு உயரவில்லையென்றால் கழுத்தைப் பாருங்கள். தலை முன்னால் கவிழ்ந்திருந்தாலும் அளவுக்கு மேல் பின்னால் சாய்ந்திருந்தாலும் காற்றுப்பாதை அடைபட்டுவிடும். தோளுக்கடியில் ஒரு மடித்த துணியை வைத்து, எதையோ மோந்து பார்ப்பதுபோல முகம் சற்றே நிமிர்ந்திருக்கச் செய்ய வேண்டும். அதற்கும் பலனில்லையென்றால் வாயில் சளி இருக்கிறதா என்று பார்த்து எடுத்து, வாயைச் சற்றுத் திறந்து வைத்து, கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை ஊதுவதற்கு, "அழுத்து, விடு, விடு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது நல்லது; பதற்றத்தில் கை தானாக வேகமெடுக்கும், வாய்க்கணக்கு அதை இழுத்துப் பிடிக்கும். முப்பது நொடிகள் நன்றாக ஊதியபின் கொடியின் அடியில் விரல் வைத்தோ ஸ்டெதாஸ்கோப் வைத்தோ ஆறு நொடிகளுக்குத் துடிப்பை எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டும். நூறுக்கு மேல் ஏறினால் காற்று சேர்கிறது என்று பொருள். அறுபதுக்குக் கீழேயே நின்றால், நெஞ்சை அழுத்துவதற்கு முன் மார்பு உண்மையிலேயே உயர்கிறதா என்பதை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா?

முடியும். பலருக்கு இது நம்பமுடியாததாக இருக்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு அறையில் உள்ள சாதாரணக் காற்றிலேயே தொடங்க வேண்டும் என்பதே இன்றைய வழிமுறை. நூறு சதவீத ஆக்சிஜன்தான் சரி என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அதைச் சோதித்துப் பார்த்த முதல் ஆய்வுகளில் ஒன்று டெல்லி மருத்துவர்களுடையது, 1993-இல் வெளியானது. 1998-இல் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வும் சாதாரணக் காற்று எந்த வகையிலும் குறைந்ததில்லை என்று காட்டியது. பின்னர் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, காற்றால் மீட்கப்பட்ட குழந்தைகளில் இறப்பு குறைவாகவே இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2012 வழிகாட்டியும் இதையே சொல்கிறது. சிலிண்டர் காலியாக இருப்பதையோ சாவி கிடைக்காததையோ காரணம் காட்டி யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. முப்பத்திரண்டு வாரங்களிலோ அதற்கு முன்போ பிறக்கும் மிகச் சிறிய குழந்தைகளின் நிலைமை வேறு. அவற்றுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படலாம். ஆனால் அதையும் அளந்து கொடுக்க வேண்டும்.

"உள்ளேயே காட்டுப்பீ போயிருச்சு" என்கிறார்களே, அப்போது என்ன செய்வது?

பனிக்குட நீரில் குழந்தையின் மலம் கலந்திருந்தால், தலை வெளிவந்ததும் வாயையும் மூக்கையும் உறிஞ்சுவது, குழந்தை துவண்டிருந்தால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு உறிஞ்சுவது என்று எங்களுக்குக் கற்றுத்தந்தார்கள். நானும் அதைப் பல ஆண்டுகள் செய்தேன், பிறருக்குச் சொல்லியும் கொடுத்தேன். முதல் வழக்கத்தால் பயனில்லை என்பதை 2004-இல் அர்ஜென்டினாவை மையமாகக் கொண்ட ஆய்வு காட்டியது. இரண்டாவதாலும் நன்மை தெரியவில்லை என்று காட்டிய ஆய்வுகளில் ஒன்று, நமக்கருகே புதுச்சேரி ஜிப்மரில் நடந்து 2015-இல் வெளியானது. அதே ஆண்டில் உலக வழிகாட்டுதல்களும் மாறின. இன்றைய நிலையில், துவண்டு பிறந்த குழந்தையின் வாயில் அடைப்பு இருந்தால் எடுத்துவிட்டுத் தாமதமின்றிக் காற்றூத வேண்டும்.

தொப்புள்கொடியை எப்போது வெட்டுவது?

மூச்சுவிடும் குழந்தைக்கு ஒன்று முதல் மூன்று நிமிடங்கள் காத்திருந்து வெட்டுவதால், நஞ்சுக்கொடியில் உள்ள இரத்தம் குழந்தைக்கு வந்து சேர்ந்து, பின்னாளில் இரத்தச் சோகை குறையும். மூச்சுவிடாத குழந்தைக்குக் கொடியைவிடக் காற்றே முதன்மை.

வசதி குறைந்த மற்ற ஊர்களில், நாடுகளில் என்ன செய்திருக்கிறார்கள்?

மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்திலிருந்து தொடங்குவதே முறை. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் 1990-களில் 39 ஊர்களில் அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, வீட்டுப் பிரசவத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். மூச்சற்ற குழந்தைக்கு வாயோடு வாய் வைத்து ஊதுவது, குழாய் இணைத்த முகமூடி, பை இணைத்த முகமூடி என்று மூன்றையும் வெவ்வேறு காலங்களில் பயன்படுத்தி ஒப்பிட்டும் பார்த்தார்கள். மூன்றாம் ஆண்டில், ஒப்பீட்டு ஊர்களைவிட இங்கே பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்ததை 1999-இல் வெளியிட்டபோது, பள்ளிப்படிப்பே குறைவான பெண்களால் இது எப்படி முடிந்தது என்று பலரும் வியந்தார்கள். ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் பிறந்த குழந்தையின் வீட்டுக்குச் சென்று பார்க்கும் திட்டம் இந்த வேரிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில் மட்டுமே இருப்பதால், சமவெளியில் உள்ளவர்கள் அவர்களைப் பற்றி அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

நேபாளத் தலைநகரின் பரோபகார் மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சியோடு நிற்காமல், பையையும் முகமூடியையும் கையாளும் திறனை நாள்தோறும் சோதித்துப் பார்ப்பது, வாரந்தோறும் கூடிப் பேசுவது என்று வழக்கங்களை உண்டாக்கினார்கள். முதல் நாள் இறப்புகள் குறைந்தன. உகாண்டாவின் கம்பாலா நகரில் முலாகோ மருத்துவமனைச் செவிலியர்கள், முகமூடிக்குப் பதிலாகத் தொண்டையில் பொருத்தும் குரல்வளை முகமூடியை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ஆய்வில் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2020-இல் வந்த முடிவு, அதைச் செவிலியர்களால் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியும், ஆனால் இறப்போ மூளைப் பாதிப்போ அதனால் குறையவில்லை என்பதாக இருந்தது. புதிய கருவி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஆய்வை எடுத்துச் சொல்வதுண்டு.

பயிற்சி பெற்றவர்களும் அந்த நேரத்தில் தடுமாறுவது ஏன்?

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை ஹைடம் மருத்துவமனையிலிருந்தே வந்தது. அங்கே முதலில் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். பொம்மையின் மேல் எல்லோரும் அருமையாகச் செய்தார்கள். பிரசவ அறையில் நிஜக் குழந்தைகளுக்குச் செய்யும் முறையில் மாற்றமே இல்லை. பிறகு பொம்மையைப் பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே வைத்து, வாரத்துக்கு ஒருமுறை மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் மட்டும் பழகச் செய்தார்கள். முதல் 24 மணி நேர இறப்பு ஆயிரத்துக்கு 11.1-இலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. அந்நாட்டின் முப்பது மருத்துவமனைகளுக்கு இவ்வகைத் தொடர் பழக்கத்தை விரிவாக்கிய திட்டத்தின் முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. அங்கும் இறப்புகள் கணிசமாகக் குறைந்தன. மாதத்துக்கு ஓரிரு குழந்தைகளே மூச்சற்றுப் பிறக்கும் சிறிய நிலையங்களுக்கு இது இன்னும் பொருந்தும். நிஜத்தில் பழக வாய்ப்பே கிடைக்காத கைக்குப் பொம்மைதான் துணை.

என் அனுபவத்தில் இன்னொரு தடையும் உண்டு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிலையத்துக்குப் பயிற்சி கொடுக்கச் சென்றிருந்தேன். பை எங்கே என்று கேட்டதும் கண்ணாடி அலமாரியைக் காட்டினார்கள். புத்தம் புதிதாக, உறை பிரிக்காமல், ஸ்டாக் ரெஜிஸ்டரில் வரிசை எண்ணோடு இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி பொறுப்பாளரிடம் இருந்தது. பொறுப்பாளர் கோபிசெட்டிபாளையத்தில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தார். பொருள் காணாமல் போனால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் அந்தச் செவிலியர்களுக்கு. அது வீண் பயமுமில்லை. ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கும் வரை அந்த நிலையத்தில் பை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். பிரசவ அறையின் வார்மருக்குத் தலைமாட்டில், கை நீட்டினால் எட்டுகிற ஆணியில் அது தொங்க வேண்டும்.

வீட்டிலோ, போகும் வழியில் வண்டியிலோ பிறந்துவிட்டால் குடும்பத்தினர் என்ன செய்ய வேண்டும்?

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்க 40, கொல்லிமலைக்கு 70. குழந்தை இந்த வளைவுகளை எண்ணிக்கொண்டு காத்திருக்காது. உடனே 108-ஐ அழையுங்கள். மலைப்பகுதியில் இருப்பவர்கள் குறித்த தேதிக்குச் சில நாட்கள் முன்னதாகவே கீழே உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனை அருகிலோ வந்துவிடுவது இதைவிட நல்லது. குழந்தை பிறந்துவிட்டால் நன்றாகத் துடைத்து, ஈரத் துணியை மாற்றி, தாயின் வெற்று மார்பின்மேல் குப்புறப் படுக்க வைத்து, தலையையும் சேர்த்து இருவரையும் போர்த்துங்கள். வண்டியின் ஜன்னலையும் மின்விசிறியையும் மூடிவிடுங்கள். தாளவாடி மலையில் மார்கழி மாதத்து விடியற்காலையில் நனைந்த குழந்தை சில நிமிடங்களிலேயே குளிர்ந்துவிடும். கொடியை வெட்டத் துருப்பிடித்த பிளேடையோ அரிவாளையோ தேடாதீர்கள். நஞ்சுக்கொடியோடு சேர்த்தே குழந்தையைக் கொண்டுவரலாம். மூச்சு இல்லையென்றால் முதுகைத் தேயுங்கள். அப்போதும் வரவில்லையென்றால், 108-இல் பேசுபவரின் வழிகாட்டுதலோடு, குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, உங்கள் கன்னத்தில் அடங்கும் அளவு காற்றை மட்டும் மெதுவாக ஊதி மார்பு உயர்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு நிறைய இழுத்து ஊதக் கூடாது.

எவ்வளவு நேரம் முயல வேண்டும்?

பத்து நிமிடங்கள் சரியாகக் காற்றூதியும் இதயத்துடிப்பே தெரியவில்லையென்றால் நிறுத்தலாம் என்றும், துடிப்பு அறுபதுக்குக் கீழே இருந்து இருபது நிமிடங்களாகியும் தானாக மூச்சு வரவில்லையென்றால் நிறுத்தலாம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2012 வழிகாட்டி சொல்கிறது. தீவிர சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளில் இன்னும் சற்று நேரம் முயல்வதுண்டு. நிறுத்தியபின் குழந்தையைத் துடைத்து, துணி சுற்றி, தாயும் தந்தையும் விரும்பினால் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். இதைச் செய்ய நேரமில்லை என்று சொன்ன எவரையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை.

இப்படி நடப்பதற்குத் தாய் செய்த தவறுதான் காரணமா?

கிரகணத்தன்று வெளியே போனது, கனமான குடம் தூக்கியது, பப்பாளி தின்றது என்று மாமியார் வீட்டில் ஒரு பட்டியலே வைத்திருப்பார்கள். அவற்றில் எதுவும் காரணமில்லை. கொடி முன்னால் நழுவுவது, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, பிரசவம் நெடுநேரம் நீள்வது, தாயின் இரத்த அழுத்தம், குறைமாதம், கிருமித் தொற்று ஆகியவையே பெரும்பாலான காரணங்கள். மருத்துவமனை பக்கம் திருத்த வேண்டியவையும் உண்டு. சீக்கிரம் முடியட்டும் என்று கண்காணிப்பில்லாமல் போடப்படும் 'வலி ஊசி', கருப்பையை இடைவெளியின்றி இறுக்கிக் குழந்தைக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். வலி வந்தபின் குழந்தையின் இதயத்துடிப்பைக் குறைந்தது அரை மணிக்கு ஒருமுறையும், தாய் முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்க வேண்டும். "ஊசி போட்டுச் சீக்கிரம் முடிச்சுருங்க சிஸ்டர்" என்று வற்புறுத்தும் உறவினர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மீண்ட குழந்தைக்கு மூளை பாதித்திருக்குமா? குளிரூட்டும் சிகிச்சை தேவையா?

ஓரிரு நிமிடக் காற்றிலேயே அழுதுவிட்ட குழந்தைகளில் பெரும்பாலானவை இயல்பாகவே வளர்கின்றன. நெடுநேரம் மூச்சில்லாமல் இருந்த குழந்தைக்கு முதல் மூன்று நாட்களில் வலிப்பு, துவளல், பால் உறிஞ்ச இயலாமை ஆகியவை தோன்றுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். தோன்றினால் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு கட்டாயம்.

பணக்கார நாடுகளில் இத்தகைய குழந்தையின் உடலை 72 மணி நேரம் 33.5 டிகிரியில் குளிர்வித்து மூளையைக் காப்பாற்றுகிறார்கள். அதே சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் ஆராய்ந்தபோது முடிவு நேர்மாறாக இருந்தது: குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவீதமும், குளிரூட்டாதவற்றில் 31 சதவீதமும் இறந்தன. இந்த ஆய்வு 2021-இல் வெளியானது. ஒரு நாட்டில் உயிர் காத்தது இன்னொரு நாட்டில் ஏன் காக்கவில்லை என்பதற்கு, இங்குள்ள குழந்தைகளின் பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பது உட்படப் பல விளக்கங்கள் பேசப்படுகின்றன. தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தால் இதைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். வீடு திரும்பியபின், தலை நிற்பது, முகம் பார்த்துச் சிரிப்பது, உட்காருவது ஆகியவை தாமதமானால், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயங்கும் ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தை அணுகலாம்.

பிரசவத்துக்குச் சேரும்போது நாங்கள் எதைக் கேட்கலாம்?

"இங்க பச்சக் கொழந்தைக்கு அம்பு பேக் இருக்குதுங்களா, ராத்திரி டூட்டியிலிருக்கிற சிஸ்டருக்கு அதுல பழக்கமுங்களா?" என்று கேளுங்கள். நல்ல செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார். பையை எடுத்து, அதன் வாயை உள்ளங்கையால் அடைத்து அழுத்திக் காட்டவும் கூடும். வால்வு திறந்து 'புஸ்' என்று காற்று வெளியேறினால் பை வேலை செய்கிறது.

மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கலாமா?

எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். இந்தக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். விழுங்கும் திறன் இன்னும் சரியாகாத நிலையில் நாக்கில் வைக்கும் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். மார்பில் உறிஞ்ச முடிகிற குழந்தைக்குச் சீம்பாலே முதல் உணவு. உறிஞ்ச முடியாமல் விழுங்க மட்டும் முடிந்தால், பீய்ச்சிய பாலைச் செவிலியர் மேற்பார்வையில் பாலாடையால் கொடுக்கலாம். விழுங்கவும் முடியாத குழந்தைக்கு மூக்கு வழியாக விடும் குழாயில்தான் கொடுப்பார்கள். நல்ல வாக்கு உள்ள பெரியவர் கையால் முதல் சொட்டு விழ வேண்டும் என்று அப்பத்தா ஆசைப்பட்டால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அந்தப் பாலாடையை அவரே பிடிக்கட்டும்; அதில் இருப்பது தாயின் பாலாக இருந்தால் எங்களுக்கு மறுப்பில்லை.